ஏடிஎச்டி உள்ள பிள்ளையிடம் சொல்வதைக் குறைத்துச் செய்து காட்டுவது எப்படி

ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட வளர்ச்சிக் குறைபாடு) உள்ள பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பது பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் உடனே எழும். "அடியாத மாடு படியாது, செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்பது ஒன்று. "அவனால முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, பாவம், விட்டுடுங்க" என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெற்றோர் காலையில் கெஞ்சுகிறார்கள், மாலையில் மிரட்டுகிறார்கள், இரவில் கத்துகிறார்கள், பிள்ளை தூங்கிய பிறகு அதன் முகத்தைப் பார்த்து மனம் வெதும்புகிறார்கள்.

இரண்டு குரல்களும் கண்டிப்பை ஒரு மருந்தைப் போல அளவு வைத்துப் பார்க்கின்றன. இன்னும் கூட்ட வேண்டும் என்கிறது ஒன்று, குறைக்க வேண்டும் என்கிறது மற்றது. இந்தப் பிள்ளைகளிடம் அளவு பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. விளைவு எவ்வளவு சீக்கிரம் வருகிறது, ஒவ்வொரு முறையும் தவறாமல் வருகிறதா, அது வரும்போது நம் வாய் மூடியிருக்கிறதா என்பவைதான் மாற்றுகின்றன. ஏன் அப்படி என்பதையும், வீட்டில் அதை எப்படிச் செய்வது என்பதையும் அடியிலிருந்து பார்ப்போம்.

தெரிந்தும் செய்யாதது ஏன்?

ஷூவை எங்கே வைக்க வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். சரியாகச் சொல்லும். அடுத்த முறை வீட்டுக்குள் நுழையும்போது ஒரு ஷூ வாசலிலும் இன்னொன்று கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும். "தெரிஞ்சே பண்றான்" என்று கோபம் வருவது இதனால்தான். அதற்குத் தெரியும் என்பது உண்மை. ஆனால் தெரிந்ததை, தேவைப்படும் அந்த நொடியில் செயலாக்கும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்த வேலையைச் செய்யும் மூளைத் திறன்களை நிறைவேற்றுத் திறன்கள் என்கிறார்கள். ஓர் உந்துதல் எழுந்தால் ஒரு கணம் நிறுத்திவைப்பது, சொன்னதை மனதில் பிடித்துக்கொண்டே அடுத்த அறை வரை போவது, பிறகு வரப்போவதை இப்போதே கணக்கில் எடுப்பது எல்லாம் இதில் அடங்கும். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் இவை பிந்தி வளர்கின்றன. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷாவும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட மூளைப் படப் பதிவுகளில் இது கண்கூடாகத் தெரிந்தது. மற்றப் பிள்ளைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, அதிகபட்சத் தடிமனை எட்டும் நடுமதிப்பு வயது ஏறக்குறைய 7.5. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் அது 10.5. பிந்தல் மிக அதிகமாக இருந்தது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதியில், அதாவது கவனத்தையும் அடக்கத்தையும் கவனித்துக்கொள்ளும் பகுதியில்.

இந்தத் துறையில் பல பத்தாண்டுகள் உழைத்த உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பெற்றோருக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்: தன்னைக் கட்டுப்படுத்தும் திறனில் இந்தப் பிள்ளைகள் தம் வயதுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் பின்தங்கியிருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை கணக்கை வயதுக்கேற்பப் போடலாம். ஆனால் காத்திருப்பது, கோபத்தை அடக்குவது, பொருளைப் பத்திரமாக வைப்பது ஆகியவற்றில் ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதைத்தான் எதிர்பார்க்க முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருந்தும் அளவுகோல் இல்லை இது. ஆனாலும் எதிர்பார்ப்பைத் தரையில் வைத்துப் பேச உதவும்.

காலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து வரும் பரிசும், மாலையில் வரப்போகும் திட்டும் இந்த மூளைக்கு மிக மங்கலாகத்தான் தெரியும். இப்போது, இங்கே இருப்பதுதான் அதை இழுக்கும். "வாரக் கடைசியில வெளிய கூட்டிட்டுப் போறேன்" என்று திங்கட்கிழமை கொடுக்கும் வாக்குறுதி செவ்வாய்க்கிழமை ஹோம்வொர்க்கை நகர்த்தாததற்குக் காரணம் இதுதான். பிள்ளைக்கு அந்தப் பரிசு பிடிக்காமல் இல்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: பிள்ளைக்கு விதி தெரியும், ஆனால் செய்ய வேண்டிய நொடியில் அது கைக்கு வருவதில்லை. எனவே விதியை மீண்டும் மீண்டும் விளக்குவது, காயம் இல்லாத இடத்தில் போய் மருந்து தடவுவது மாதிரி. உதவி அந்த நொடிக்கே வர வேண்டும்.

மறதிக்குத் தண்டனை கூடாது

மேலே போகும் முன் ஒரு கோடு கிழித்துக்கொள்வோம், ஏனென்றால் பல வீடுகளில் எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர் பாட்டிலைத் தொலைத்தது, நோட்டை எடுத்துவர மறந்தது, மூன்று வேலை சொல்லி ஒன்றை மட்டும் செய்தது, உட்கார்ந்த இடத்தில் நெளிந்தது எல்லாம் குறைபாட்டின் அறிகுறிகள். இவற்றுக்கு விளைவு வைத்தால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: "நான் எப்படி இருந்தாலும் தப்புதான்." இவற்றுக்குச் சூழலைத்தான் மாற்ற வேண்டும். கதவில் படம் போட்ட ஒரு பட்டியல், பேக்குக்கு ஒரே இடம், டைமர், ஒரு நேரத்தில் ஒரே வேலை.

"மாட்டேன்" என்று மறுப்பது, அடிப்பது, பொருளை வீசுவது, தெரிந்த விதியை நினைவூட்டிய பிறகும் மீறுவது வேறு. விளைவு இவற்றுக்கு உரியது. சந்தேகமாக இருந்தால் முதலில் உதவியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்று ஒரே வேலையைத் தெளிவாகச் சொன்னதும் செய்துவிட்டால் அது மறதி. அப்படியும் செய்யாமல் முறைத்தால் அது மறுப்பு.

பேச்சு ஏன் தோற்கிறது

சமையலறையிலிருந்து "டிவியை நிறுத்து" என்று குரல் கொடுக்கிறோம். பதில் இல்லை. மீண்டும் சொல்கிறோம். குரல் ஏறுகிறது. ஆறாவது முறை "எத்தன தடவ சொல்றது" என்று கத்திக்கொண்டே போய் நிற்கிறோம். அப்போதுதான் பிள்ளை எழுகிறது. நமக்குக் கிடைக்கும் பாடம்: கத்தினால்தான் வேலை நடக்கும். பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம்: முதல் ஐந்து முறை சொல்வதற்குப் பொருளில்லை, குரல் இந்த உயரத்துக்கு ஏறும்போதுதான் உண்மையாக ஏதோ நடக்கப்போகிறது. இருவருமே சரியாகத்தான் கற்றிருக்கிறார்கள். வீட்டில் உண்மையில் நடப்பது அதுதானே.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. பிள்ளை எதிர்த்துக் கத்துகிறது, நாம் களைத்துப்போய் "சரி, என்னமோ பண்ணு" என்று விட்டுவிடுகிறோம். பிள்ளையின் கத்தல் பலன் தந்தது. நம் விட்டுக்கொடுப்புக்கும் உடனடிப் பலன் கிடைத்தது, சத்தம் நின்றது. அடுத்த முறை பிள்ளை சீக்கிரமே உரக்கக் கத்தும், நாம் சீக்கிரமே விடுவோம். இதை வற்புறுத்தல் சுழற்சி என்று விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன். யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே ஒரு குடும்பம் இதற்குள் சிக்கிவிடும். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் ஆதங்கம்.

அடியும் இதே சுழற்சியின் ஒரு படிதான். அடித்தவுடன் நடத்தை நிற்கிறது, அதனால் வேலை செய்வதாகத் தோன்றுகிறது. ஆனால் பிள்ளை பழகிவிடும், அடுத்த அடி பலமாக விழ வேண்டியிருக்கும். கையை அடக்கத் திணறும் பிள்ளைக்கு, கோபம் வந்தால் கை நீளலாம் என்று நாமே காட்டிக்கொடுக்கிறோம். அடிப்பது, கத்துவது, அவமானப்படுத்துவது ஆகிய மூன்றையும் தவிர்க்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

லூஸ் கான்டாக்ட் சுவிட்ச்

"பெரும்பாலும் கண்டிப்பாத்தான் இருக்கேன், எப்பவாவது விட்டுக்கொடுப்பேன்" என்று பெற்றோர் சொல்வார்கள். அந்த "எப்பவாவது" எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வீட்டிலுள்ள சுவிட்சை நினைத்துப் பாருங்கள். எப்போதும் ஒழுங்காக எரியும் விளக்கு ஒருநாள் எரியவில்லை என்றால் இரண்டு முறை தட்டிப் பார்ப்போம், பிறகு விட்டுவிடுவோம். லூஸ் கான்டாக்ட் உள்ள சுவிட்ச் என்றால்? நாலு தட்டில் எரியும், சில நாள் பத்துத் தட்டில் எரியும். அதனால் இருபது முறையானாலும் தட்டிக்கொண்டே இருப்போம். அடுத்த தட்டில் எரிந்துவிடலாமே.

எப்போதாவது "ஆம்" ஆகிவிடும் "இல்லை" என்பது இந்தச் சுவிட்ச்தான். சில முறை மட்டும் பலன் கிடைப்பதை இடைவிட்ட வலுவூட்டல் என்பார்கள். இப்படி வேரூன்றிய நடத்தை, எப்போதும் பலன் கிடைத்து வந்த நடத்தையைக் காட்டிலும் அழிய மிக அதிகக் காலம் எடுக்கும் என்பது நடத்தை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் காலம் முதல் மீண்டும் மீண்டும் உறுதியான விதி. பத்தில் எட்டு முறை உறுதியாக நின்று இரண்டு முறை தளர்ந்தால் பிள்ளை விடாமல் கேட்கப் பழகிவிடும். நாம் கொடுத்த பயிற்சி அது.

பழைய சுவிட்சைச் சரிசெய்யத் தொடங்கியதும் ஒன்று நடக்கும். பிள்ளை முன்னைவிட மோசமாகும். இதுவரை பலித்த கத்தல் பலிக்கவில்லை என்றதும் இன்னும் உரக்க, இன்னும் நீளமாக முயன்று பார்க்கும். பலன் நிற்கும்போது எழும் இந்தக் கொந்தளிப்பு எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே. முதல் சில நாட்களில் "இந்த முறையும் சரிப்படல" என்று பெரும்பாலான பெற்றோர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அந்த உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், உச்சம் வரை போனால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆகையால் ஒரு விதியைத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை முப்பது நிமிட அழுகைக்கு நடுவிலும் என்னால் காப்பாற்ற முடியுமா? முடியாதென்றால் அந்த விதியைத் தொடங்கவே வேண்டாம்.

சுருக்கமாக: எப்போதாவது தளர்வது, எப்போதும் தளர்வதைவிடக் கடினமான பழக்கத்தை உருவாக்கும். அதனால் விதிகளைக் குறைத்து, வைத்ததைக் காப்பாற்ற வேண்டும். ஒரே சமயத்தில் மூன்று விதிகள் போதும்.

முதலில் பதினைந்து நிமிடம்

விளைவுகளுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆரெகனில் பணியாற்றிய உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் 1960-களின் இறுதியில் வகுத்த பெற்றோர் பயிற்சி இரண்டு கட்டமாக இருந்தது: முதலில் உறவு, பிறகு கட்டளையும் விளைவும். இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான பயிற்சிகள் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. காரணம் எளிது. நம்முடன் இருப்பது பிள்ளைக்கு இனிமையாக இருந்தால்தான் நம் பாராட்டுக்கு மதிப்பு வரும், நம் கவனம் விலகுவது அதற்கு உறைக்கும்.

தினமும் 15 நிமிடம், பிள்ளை தேர்ந்தெடுக்கும் விளையாட்டு. கட்டளை இல்லை, கேள்வி இல்லை, கற்றுக்கொடுத்தல் இல்லை. பிள்ளை செய்வதை வாயால் சொல்லிக்கொண்டு உடனிருந்தால் போதும்: "ஓ, நீலத்தை மேல வெச்சுட்டியா, இப்ப கோபுரம் உயரமாயிடுச்சு." அன்று பிள்ளை எவ்வளவு படுத்தியிருந்தாலும் இந்த நேரத்தைப் பிடுங்கக் கூடாது. இது பரிசு அல்ல, உரிமை. ஒன்றிரண்டு வாரம் இதை மட்டும் செய்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். கூடவே நாள் முழுக்க நல்லது நடக்கும் நொடியில் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "குட் பாய்" என்பதில் தகவல் இல்லை. "கூப்பிட்டதும் திரும்பிப் பாத்த, சந்தோஷம்டா" என்பதில் இருக்கிறது.

கட்டளை: அரை நிமிடத்துக்குள் முடிவது

ஒரு கட்டளை நல்லபடி முடிய அதன் முதல் ஐந்து விநாடி சரியாக இருக்க வேண்டும். எழுந்து பிள்ளையின் பக்கத்தில் போங்கள், ஒரு கை எட்டும் தூரத்துக்கு. டிவியோ மொபைலோ ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தவோ மறைக்கவோ வேண்டும், இல்லாவிட்டால் போட்டியில் நாம் தோற்போம். பெயர் சொல்லி, தோளில் மெல்லக் கை வையுங்கள். கண்ணுக்குள் பார்த்தே தீர வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம், கேட்கிறதா என்பதுதான் முக்கியம்.

பிறகு ஒரே வேலையைப் பத்துச் சொல்லுக்குள் சொல்லுங்கள். "கொஞ்சம் இதெல்லாம் எடுத்து வைக்கிறியா?" என்பது கேள்வி, அதற்கு "மாட்டேன்" என்பது நேர்மையான பதில். "கண்ணா, கட்டைகளை டப்பாவுல போடு" என்பது கட்டளை. "ஓடாதே" என்பதைவிட "நட" மேல், செய்ய வேண்டியது அதில் இருக்கிறது. "பல் தேய்ச்சு, டிரஸ் மாத்தி, பேக் எடுத்துட்டு வா" என்றால் பேக் மட்டும்கூட வராமல் போகலாம். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

இப்போது மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வாயைத் திறக்காதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். நாம் ஒவ்வொரு முறை மீண்டும் சொல்லும்போதும் பிள்ளையின் மனம் அந்தப் புதிய வாக்கியத்தைப் பிடிக்கப் போகிறது, செயல் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பிள்ளை அசையத் தொடங்கியதும், முடிக்கும் வரை காத்திராமல், "சொன்னதும் ஆரம்பிச்சுட்ட" என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்து விநாடியில் அசைவில்லையா? ஒரே ஒரு எச்சரிக்கை, சாதாரணக் குரலில்: "கட்டைகளை எடுத்து வைக்கலன்னா இன்னைக்கு கட்டை மேல அலமாரிக்குப் போயிடும்." மறுபடியும் ஐந்து விநாடி. பிறகு கட்டைகளை எடுத்து மேலே வைத்துவிடுங்கள். பேச்சு முடிந்தது. மூன்றாவது முறை சொல்வது கிடையாது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதும் கிடையாது. தொடங்கியதிலிருந்து எல்லாம் முப்பது விநாடிக்குள் முடிந்திருக்கும்.

பிள்ளை இப்போது ஓடிவந்து "எடுத்து வைக்கிறேன், எடுத்து வைக்கிறேன்" என்று அழும். மனம் இளகும். கட்டைகள் மேலேயே இருக்கட்டும். "நாளைக்கு மறுபடி கிடைக்கும்" என்று ஒரு வரி. அழுகையைத் தடுக்க வேண்டாம், அதனுடன் வாதாடவும் வேண்டாம்.

விளைவு எப்படி இருக்க வேண்டும்

சிறியதாக. பெற்றோர் நம்பத் தயங்குவது இதைத்தான். கோபத்தில் "ஒரு மாசம் மொபைல் கிடையாது" என்கிறோம். இதில் மூன்று கோளாறுகள். முதல் நாளுக்குப் பிறகு பிள்ளைக்கு இழக்க எதுவும் இல்லை, ஆகவே மீதி இருபத்தொன்பது நாளும் நம் கையில் கருவியும் இல்லை. மூன்றாம் நாளே எதற்காகப் பிடுங்கினோம் என்பது அதன் நினைவில் மங்கிவிடும். ஐந்தாம் நாள் நமக்கே தாங்காமல் திருப்பிக் கொடுப்போம், சுவிட்ச் மறுபடி லூஸ் ஆகிவிடும். அதற்குப் பதில் இன்றைய ஸ்கிரீன் நேரத்தில் 10 நிமிடம் குறைப்பது, தேவைப்பட்டால் நாளையும் அதே 10 நிமிடம் குறைப்பது. பத்து நிமிடத்தைப் பத்து முறை தவறாமல் எடுப்பது ஒரு மாதத்தை ஒருமுறை அறிவிப்பதைவிடப் பல மடங்கு கற்றுக்கொடுக்கும்.

முடிந்தவரை செயலோடு ஒட்டிய விளைவைத் தேர்ந்தெடுங்கள். சுவரில் கிறுக்கினால் துணி எடுத்துத் துடைப்பது. சைக்கிளை ஹெல்மெட் இல்லாமல் எடுத்தால் அன்று சைக்கிள் உள்ளே. பொம்மையால் அடித்தால் பொம்மை போய்விடும். விளைவின்போது முகத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கட்டும். இந்தப் பிள்ளைகளின் மனம் தூண்டலைத் தேடுவது, நம் கோபமே ஒரு காட்சியாக அமைந்துவிடும்.

டைம் அவுட் பற்றித் தவறான எண்ணங்கள் நிறைய. எல்லாக் கவனத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் சிறிது நேரம் விலக்கி உட்காரவைப்பது, அவ்வளவுதான். இருட்டறை, பூட்டிய கதவு, முழங்கால் போடவைப்பது எதுவும் இதில் சேராது. அடித்தல், பொருள் வீசுதல் போன்றவற்றுக்கும், எச்சரித்த பிறகும் மறுத்ததற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பரவலான கணக்கு, ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டுவதால் கூடுதல் பலன் இல்லை. கடைசிச் சில விநாடிகள் அமைதியாக இருந்தால் முடிந்தது. பிறகு, மறந்தும் விட்டுவிடக் கூடாத படி: முதலில் சொன்ன வேலைக்கே திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கட்டைகளை எடுத்து வைப்பதிலிருந்து தப்பிக்க டைம் அவுட் நல்ல வழி என்று ஆகிவிடும். அந்த நேரத்தில் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதும், எட்டி நின்று அறிவுரை சொல்வதும் டைம் அவுட்டைச் செல்லாக்காசாக்கிவிடும்.

ஒரு விலக்கு. பிள்ளை முழுதாக உடைந்து, யார் சொல்வதும் காதில் விழாமல் கத்தி அழும் நிலையில் இருந்தால், அது பேரம் இல்லை. அப்போது எந்தப் படியும் வேண்டாம். கூர்மையானவற்றை அகற்றுங்கள், மற்றப் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள், அருகில் அமைதியாக இருங்கள். அடங்கிய பிறகு, முன்பே அறிவித்த விளைவை இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள்.

சாரம்: பக்கத்தில் போய் ஒருமுறை சொல், ஐந்து விநாடி, ஒரே எச்சரிக்கை, ஐந்து விநாடி, சிறிய விளைவு. இடையில் பேச்சு இல்லை.

புள்ளிகள்: லஞ்சமா?

"நல்லா நடக்கறதுக்கெல்லாம் காசு கொடுப்பாங்களா" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கடையில் அழும் பிள்ளையை நிறுத்த இனிப்பை நீட்டினால் அது லஞ்சம். முன்பே பேசிவைத்த வேலையை முடித்த பின் கொடுத்தால் ஊதியம். தொலைவில் உள்ள பலனை இந்த மூளைக்கு உணர முடியவில்லை என்று மேலே பார்த்தோமே, புள்ளி அந்தத் தொலைவைச் சுருக்கி இந்த நிமிடத்துக்குக் கொண்டுவருகிறது.

மூன்று அல்லது நான்கு செயல்கள் போதும். அவற்றில் ஒன்று பிள்ளை இப்போதே பெரும்பாலும் செய்வதாக இருக்கட்டும், முதல் நாளே வெற்றி வேண்டும். செயல்களைப் பார்க்கக்கூடியதாக எழுதுங்கள்: "ஒழுங்கா இருக்கணும்" என்பதை யாராலும் எண்ண முடியாது, "கூப்பிட்டதும் சாப்பாட்டு மேசைக்கு வருவது" என்பதை முடியும். ஏழு வயது வரை கையில் பிடிக்கும் வில்லைகள் அல்லது காய்கள் நல்லது, அதற்கு மேல் தாளில் புள்ளி எழுதலாம். செய்த கணமே கொடுங்கள், இரவில் மொத்தமாக அல்ல. ஒரு நாளில் சேரும் புள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அன்றே செலவாகும்படி சிறு சலுகைகள் இருக்க வேண்டும்: கூடுதலாக 15 நிமிட ஆட்டம், ஒரு கதை, இன்று யார் எந்தப் படம் பார்ப்பது என்ற முடிவு. மீதி பெரிய ஆசைக்குச் சேரட்டும்.

முதல் இரண்டு வாரம் புள்ளியைப் பிடுங்கவே கூடாது. பிறகு மோதல் போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் கழிக்கலாம். பிள்ளையின் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் முறையே செத்துவிடும், கடன்பட்டவனுக்கு ஆர்வம் இருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் பரிசுகள் சலித்துவிடும். முறை தோற்றதாக எண்ண வேண்டாம், பட்டியலை மாற்றுங்கள்.

பள்ளிக்கும் இதையே நீட்டலாம். தினசரி அட்டை ஒன்றில் மூன்று முதல் ஐந்து இலக்குகள், ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் ஒரு டிக், அன்று மாலையே வீட்டில் பலன். இலக்கு இப்போதைய நிலையிலிருந்து தொடங்க வேண்டும். நாளுக்குப் பத்து முறை குறுக்கே பேசும் பிள்ளைக்கு "பேசவே கூடாது" என்பது இலக்கு ஆகாது, எட்டுக்குள் நிறுத்தினால் வெற்றி. அது பழகியபின் ஆறு.

பெரியவர்கள் பக்கம்

அம்மா மறுத்ததை அப்பா கொடுத்தால், இருவரும் மறுத்ததைத் தாத்தா கொடுத்தால் அதுவும் லூஸ் கான்டாக்ட்தான். மூன்று விதியையும் அவற்றின் விளைவையும் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். தாத்தா பாட்டியிடம் "நீங்க கெடுக்கறீங்க" என்று தொடங்காமல், "இந்த மூணு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி செய்வோம், மத்ததுல நீங்க எப்பவும் போல இருங்க" என்றால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். கட்டளையைத் தொடங்கியவரே முடிக்கட்டும். நடுவில் இன்னொருவர் நுழைந்து குரலை உயர்த்துவது தொடங்கியவரின் சொல்லைச் செல்லாததாக்கிவிடும். கருத்து வேறுபாடு இருந்தால் பிள்ளை தூங்கிய பிறகு பேசிக்கொள்ளுங்கள்.

ஏடிஎச்டியில் மரபின் பங்கு மிக அதிகம், ஆய்வுகளில் அது 70 முதல் 80 சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. எனவே பெற்றோரில் ஒருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு சாதாரணமானதல்ல. ஒரே சீராக நடக்கத் திணறும் பெற்றோரிடம் "சீரா இருங்க" என்று சொல்வது மட்டும் போதாது. பிள்ளைக்கு வைக்கும் டைமரையும் பட்டியலையும் தமக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் தாமும் பரிசோதனைக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. உடல் ஓய்ந்து, எழுந்து போகவே முடியாத நேரத்தில் கட்டளை கொடுக்காமல் இருப்பது நல்ல முடிவு. கொடுத்துவிட்டு விடுவதுதான் சேதம்.

மருந்து, தூக்கம், எப்போது உதவி தேடுவது

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதல்படி நான்கு, ஐந்து வயதில் முதல் சிகிச்சையே பெற்றோருக்கான இந்தப் பயிற்சிதான். ஆறு வயதுக்கு மேல் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்து போவது நல்லது என்கிறது அது. மருந்து, யோசிக்க ஒரு கணம் கூடுதலாகத் தரலாம். அந்தக் கணத்தில் என்ன செய்வது என்பதை வீடுதான் பழக்க வேண்டும். ஊக்கி வகை (ஸ்டிமுலன்ட்) மருந்தின் வேகம் இறங்கும் மாலை வேளையில் சில பிள்ளைகள் வழக்கத்தைவிட எரிச்சலாக இருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் புதிய விதி தொடங்க வேண்டாம், மருத்துவரிடம் நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் கெட்ட பிள்ளையிடம் எந்த முறையும் பாதிதான் வேலை செய்யும்.

இந்த முறையை ஆறு முதல் எட்டு வாரம் தவறாமல் செய்தும் எதுவும் அசையவில்லை என்றால், பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், எப்போதும் சோகமாகவோ பயந்தோ இருந்தால், அல்லது உங்கள் கை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று தோன்றினால் குழந்தை மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்றைக் கொண்டுபோங்கள்: எந்த நேரம், என்ன சொன்னீர்கள், பிள்ளை என்ன செய்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். நான்கு பத்தி கொண்ட அந்தத் தாளில்தான் எங்கே விளைவு தாமதமாகிறது, எங்கே சொல் மீண்டும் மீண்டும் வருகிறது என்பது மருத்துவருக்கு முதலில் புலப்படும்.